ஒரு டிரில் பிட் போதும்: இ-சிகரெட் காயிலை ஒழுங்காகச் சுற்றுவது எப்படி?

இ-சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்தான் காயில். அதைச் சுற்றுவதற்கென்றே ஜிக் என்று ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். இருந்தால் நல்லதுதான், இல்லாவிட்டாலும் குறைந்துபோக ஒன்றுமில்லை. சுருள்கள் இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று ஒட்டி உட்காருவதற்குக் காரணம் கருவி அல்ல. சுற்றும் நேரம் முழுக்க வயர் விறைப்பாக இருந்ததா என்பதுதான் விஷயம். அந்த விறைப்பைக் கைக்குக் கொண்டுவர வீட்டில் கிடக்கும் டிரில் பிட்டும் குறடும் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயிலை நாமே மாற்றிக்கொள்ளும் வகை அட்டமைசரை (காயிலும், திரவத்தை உறிஞ்சி அதற்குக் கொடுக்கும் பஞ்சும் இருக்கும் பகுதி) ஏற்கெனவே பயன்படுத்தும் பெரியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புகைப்பழக்கமே இல்லாதவர்கள் இதைப் பார்த்துத் தொடங்க வேண்டாம், நிகோட்டின் லேசில் விடாது. இந்தக் கருவிகளையே தடை செய்துள்ள நாடுகளும் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்?

3 மி.மீ. டிரில் பிட் ஒன்று, நுனி மெலிந்த குறடு, நகவெட்டி, ட்வீசர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், கேஸ் லைட்டர். டிரில் பிட்டில் முறுக்குப் பள்ளங்கள் உள்ள பக்கத்தை விட்டுவிட்டு, வழவழப்பாக இருக்கும் அடிப்பகுதியில்தான் சுற்ற வேண்டும். பள்ளத்தில் சுற்றினால் வயரில் கீறல் விழும், கழற்றவும் வராது. உருண்டைத் தண்டுள்ள மெல்லிய ஸ்க்ரூ டிரைவரிலும் சுற்றலாம். கைப்பிடி இருப்பதால் திருப்புவதற்கு அதுவே இன்னும் வசதி. ஆனால் டிரில் பிட்டில் அளவு பொறித்திருக்கும், ஸ்க்ரூ டிரைவர் தண்டை நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும்.

கருவிகள்தான் வீட்டுச் சாமான், வயர் அப்படி அல்ல. அதை இதற்கென்றே விற்கும் இடத்தில், என்ன கலவை என்று தெரிந்து வாங்க வேண்டும். இதற்குப் பயன்படும் வயர்களில் ஒன்றான நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்தது; 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற கலவை. டோஸ்டருக்குள் சிவந்து எரிவதும் பெரும்பாலும் அதுதான். அதற்காகப் பழைய டோஸ்டரைப் பிரித்து வயரை உருவி எடுக்காதீர்கள். அதன் மேல் என்ன பூச்சு, என்ன அழுக்கு என்று யாருக்கும் தெரியாது, வரும் ஆவியோ நேராக நுரையீரலுக்குப் போகிறது. துத்தநாகம் பூசிய கட்டுக்கம்பியைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

புதிதாகச் சுற்றுபவருக்கு நான் சொல்வது காந்தல் ஏ1 வயர், 26 கேஜ். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. கேஜ் எண் கூடக் கூட வயர் மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 26 கேஜ் சுமார் 0.4 மி.மீ. தடிமன், 28 கேஜ் சுமார் 0.32 மி.மீ. நிக்ரோம் இதைவிட மெத்தென்று வளையும், காந்தல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதில் கை பழகிவிட்டால் மற்றவை எளிது.

எத்தனை சுற்று?

26 கேஜ் காந்தல் வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 11.3 ஓம். 3 மி.மீ. பிட்டில் சுற்றும்போது, வயரின் தடிமனையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 10.7 மி.மீ. நீளம் செலவாகும். ஏழு சுற்றுக்கு 75 மி.மீ., இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளுக்கும், அதாவது கால்களுக்கும் சேர்த்து 10 மி.மீ., ஆக மொத்தம் 85 மி.மீ. இதை 11.3-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.96 ஓம் வரும். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் அயான் பேட்டரி 4.2 வோல்ட். இந்தக் காயிலுக்கு அதிலிருந்து சுமார் 4.4 ஆம்பியர்தான் ஓடும். தொடக்கத்துக்கு இது பத்திரமான இடம். அரை ஓமுக்குக் கீழே போகும் ஆசையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

சுற்றும் முறை

வயரை 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். பாதிக்கு மேல் வீணாகிறதே என்று தோன்றும். பிடித்து இழுக்க நீளம் இல்லாவிட்டால் விறைப்பு வராது, அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு நுனியைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, சுத்தமான துணியை வயர் மேல் வைத்து அழுத்தி இழுத்தால் வளைவு நெளிவு போய் நேராகிவிடும். அப்புறம் லைட்டர் தீயில் வயரை மெதுவாக நகர்த்திக்கொண்டே சிவக்கக் காய்ச்சுங்கள். விறைத்த கம்பி இளகும், மேலே ஒட்டிய எண்ணெய்ப் பசையும் எரிந்துபோகும். நன்றாக ஆறிய பிறகு தொடுங்கள்.

இனி முக்கியமான வேலை. வயரின் ஒரு நுனியில் நான்கு செ.மீ. விட்டுவிட்டு, அந்த இடத்தை டிரில் பிட்டின் மேல் இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். மறுநுனியை வலது கையில் உள்ள குறட்டால் இறுக்கிப் பிடியுங்கள். வழக்கமாக எல்லோரும் வயரை பிட்டைச் சுற்றிக் கொண்டுபோவார்கள். அப்படிச் செய்தால் கை இடம் மாறும்போதெல்லாம் வயர் தளர்ந்துவிடும். அதற்குப் பதில் வலது கை வயரை ஒரே பலத்தில் இழுத்தபடி அசையாமல் நிற்கட்டும், இடது கை பிட்டைத் திருப்பட்டும். வயர் தானாகப் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இழுக்கும் கோணத்தையும் கவனியுங்கள். வயர் பிட்டுக்குச் சரியான செங்குத்தில் வராமல், ஏற்கெனவே சுற்றிய சுருள்களின் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்து வர வேண்டும். அப்போது ஒவ்வொரு புதுச் சுற்றும் முந்தைய சுற்றை உரசிக்கொண்டே இறங்கும், இடைவெளிக்கே வழி இருக்காது. சாய்வு அதிகமானால் வயர் முந்தைய சுருளின் மேலேறிவிடும். ஏறினால் அங்கேயே ஒரு சுற்றுப் பின்னால் வந்து மறுபடி சுற்றுங்கள், அதன் மேலேயே தொடராதீர்கள்.

ஏழு சுற்று ஆனதும் கையை விடாதீர்கள். இரண்டு கால்களையும் எதிரெதிர்த் திசையில் ஒரு தரம் இறுக்கமாக இழுத்து, சில நொடி அப்படியே வைத்திருங்கள். விட்டதும் சுருள் கொஞ்சம் விரியத்தான் செய்யும், அது வயரின் குணம். முழுச் சுற்றில் நிறுத்தினால் கால்கள் எதிரெதிர்த் திசை பார்க்கும். உங்கள் டெக்கில் (காயிலை ஸ்க்ரூ வைத்து மாட்டும் அட்டமைசரின் அடித்தட்டு) இரண்டு காலும் ஒரே திசையில் போக வேண்டுமானால் அரைச் சுற்று கூட்டியோ குறைத்தோ நிறுத்துங்கள். அதனால் மின்தடை 0.06 ஓம் அளவுக்குத்தான் மாறும்.

டெக்கில் மாட்டுதல்

முதலில் டெக்கைப் பேட்டரியிலிருந்து கழற்றுங்கள். காயிலை பிட்டிலிருந்து உருவாமல் அப்படியே பிட்டோடு கொண்டுபோய்க் கால்களைத் துளைகளில் நுழைத்துவிடுங்கள். பிட் உள்ளே இருந்தால் வடிவம் நசுங்காது. ஸ்க்ரூவை முடுக்கும்போது காலைச் சேர்த்து இழுக்கப் பார்க்கும், அதனால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை நகவெட்டியால் ஒட்ட வெட்டுங்கள். நகவெட்டியின் வாய் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கும். விட்டுப்போன ஒரு மி.மீ. கம்பி மேல்மூடியைத் தொட்டாலும் ஷார்ட்தான். காயிலின் உடம்பும் டெக்கின் உலோகத்தைத் தொடக்கூடாது.

பட்டனை அழுத்துவதற்கு முன் மின்தடையைப் பாருங்கள். டெக்கை மறுபடி பேட்டரியோடு மாட்டியதும் இ-சிகரெட்டின் திரையில் 0.9-இலிருந்து 1 ஓமுக்குள் காட்டினால் சரி. எண் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கினால் ஸ்க்ரூ தளர்வு. 0.2, 0.1 என்று காட்டினால் எங்கோ ஷார்ட், அழுத்தவே கூடாது. சாதாரண மல்டிமீட்டரில் பார்ப்பதானால் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொடவிட்டு, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு குறைந்த மின்தடையில் அந்தப் பிழை பெரிது. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்புச் சுற்று இல்லாமல் பேட்டரியை நேராகக் காயிலோடு இணைக்கும் மெக்கானிக்கல் மாட் என்ற வகைக் கருவிகளில் இந்தப் பாடத்தைப் பழக வேண்டாம்.

காய்ச்சி அழுத்துதல்

சுற்றும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் கடைசி ஒழுங்கு இங்கேதான் வரும். பிட்டை உருவிவிட்டுக் கருவியை 10, 12 வாட்டில் வையுங்கள். பஞ்சு இன்னும் போடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு ஒரு நொடி, இரண்டு நொடி மட்டும் அழுத்தி விடுங்கள். மங்கலான ஆரஞ்சு நிறம் போதும், வெள்ளையாகப் பழுக்க விடாதீர்கள். பட்டனை விட்டபின், சூடு ஆறுவதற்குள் ட்வீசரால் காயிலின் இரு ஓரத்தையும் மெல்ல அழுத்துங்கள். உலோக ட்வீசரை வைத்துக்கொண்டே பட்டனை அழுத்தினால் அதுவே ஷார்ட் ஆகிவிடும், ஆகவே விட்ட பிறகுதான். டைட்டானியம், நிக்கல் வயர்களை இப்படி வெறுமையாகக் காய்ச்சவே கூடாது.

சுருள்கள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் குறுக்கே பாயாதா என்று கேட்கலாம். முதலில் பாயத்தான் செய்யும். ஏதாவது ஒரு இடம், பெரும்பாலும் கால் பக்கம், மற்றதற்கு முன்னால் பளிச்சென்று சிவப்பது அதனால்தான். ஆனால் காந்தலைக் காய்ச்சக் காய்ச்ச அதில் உள்ள அலுமினியம் காற்றோடு சேர்ந்து மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகப் படியும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே முன்னால் சிவக்கும் இடத்தை, பட்டனை விட்டபிறகு, ட்வீசர் நுனியால் லேசாக வருடுங்கள், அழுத்துங்கள், மறுபடி காய்ச்சுங்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு நடுவில் தொடங்கி இரு ஓரத்துக்கும் ஒரே சீராகப் பரவும். அதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சீராகச் சிவக்காத காயில் பஞ்சை ஒரே இடத்தில் கருக்கும், வாயில் கருகல் வாடைதான் மிஞ்சும்.

பஞ்சு

இதில் பெரிய வித்தை இல்லை. சாயமோ வாசனையோ சேர்க்காத சுத்தமான பஞ்சைத் திரித்துக் காயிலுக்குள் நுழைத்து இழுங்கள். காயில் அசையாமல், பஞ்சு லேசாகப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் அளவு சரி. வால்களை வெட்டி டெக்கின் பள்ளத்தில் அமர்த்தி, திரவத்தால் முழுக்க நனைத்த பிறகே பட்டனைத் தொடுங்கள். உலர்ந்த பஞ்சு ஒரே அழுத்தலில் கருகிவிடும். நிகோட்டின் திரவம் கையில் பட்டால் உடனே கழுவுங்கள். பாட்டில் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

சுவை மங்கினால் காயிலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பஞ்சை உருவிவிட்டு, முன்போலக் குறைந்த வாட்டில் இரண்டு மூன்று முறை காய்ச்சி, ஆறியதும் தண்ணீரில் அலசித் துடைத்து, புதுப் பஞ்சு போடலாம். எவ்வளவு அழுத்தியும் சீராகச் சிவக்காத காயிலை மட்டும் கழற்றிவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.