நுரையீரல் நோய் இருக்கிறதா? உயரத்தையும் அளந்து பாருங்கள்

சிஓபிடி மாதிரி நாள்பட்ட நுரையீரல் நோய் வீட்டில் யாருக்காவது இருந்தால், செருப்பில்லாமல் குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். இளவயதில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம், பலருக்கு வலியே தெரியாது, எலும்பு ரொம்ப மெலிந்துவிட்டால் பலமாக இருமினாலே போதும். அப்புறம் கூன் விழுந்து, நுரையீரல் விரிய இடமில்லாமல் மூச்சு இன்னும் திணறும், அதையும் பழைய நோய்தான் முற்றிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள், அதுதான் கொடுமை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை மெலிய வைக்கும், அதை 3 மாதமோ அதற்கு மேலோ எடுப்பவர்கள் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். நெஞ்சுக்கு எடுத்த பழைய சிடி ஸ்கேன் இருந்தால் அதிலேயே முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லலாம். பயந்துபோய் மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய ஆபத்து.