சாம்பல் நீலம் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவருக்குப் பெயிண்ட் வாங்கப் போய், நிற மாதிரிகள் அச்சிட்ட ஷேடு கார்டை விரித்தால் சாம்பல் நீலத்திலேயே ஏழெட்டுக் கட்டங்கள் இருக்கும், பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கடை வெளிச்சத்தில் நின்றபடியே ஒன்றைக் கைகாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ஒன்றில் பச்சை ஓடும், ஒன்றில் ஊதா ஓடும், இன்னொன்று வெறும் சாம்பல். வெள்ளைத் தாளின் மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள், எது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

சாம்பிள் வாங்கிப் பழைய மஞ்சள் சுவரிலேயே பூசிப் பார்ப்பது அடுத்த தவறு. மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலும் நீலமாகத்தான் தெரியும். பெரிய வெள்ளை சார்ட் அட்டையில், ஓரம் விட்டு, இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிட்டு, அறையின் நாலு பக்கமும் வைத்துப் பாருங்கள். எங்கள் முன்னறையில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. காலை வெயில் தரையில் பட்டதும், சுவரடியில் சாய்த்து வைத்த அட்டை ஊதா கலந்த மாதிரி ஆனது, அதையே வேப்பமரம் தெரியும் ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பச்சை.

வடக்கு ஜன்னல் அறை வருஷம் முழுக்கக் குளிர்ந்த, அதாவது நீலம் சாய்ந்த, வெளிச்சம்தான் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையில் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதிலும் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயிலே நுழையும். மார்கழியில் அதே சுவர் இன்னும் நீலமாகத் தெரியும்.

ராத்திரி பார்க்காமல் முடிவெடுக்கவே கூடாது. 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கலாக வரும், 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் அடங்கிச் சாம்பல் மட்டும் மிஞ்சும். வேலை முடிந்தபின் எந்த பல்பு போடப்போகிறீர்களோ அதை முதலிலேயே மாட்டிவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், கட்டத்தில் பார்த்ததைவிட நாலு சுவரிலும் நிறம் அடர்த்தியாகத் தெரியும். இரண்டுக்கு நடுவே மனசு ஊசலாடினால் நான் வெளிர்ந்ததையே எடுப்பேன். தேவையான அளவை ஒரே தடவையில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். பாதியில் தீர்ந்து, அதே நம்பரில் மறுபடி கலந்தாலும் லேசாக மாறலாம், சாம்பல் நீலத்தில் அந்த வித்தியாசம் கண்ணில் படும். அப்படியே ஆகிவிட்டால் புது டப்பாவைச் சுவரின் நடுவில் தொடங்காமல் மூலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.