படுக்கையில் இருப்பவருக்கு ஸ்டாக்கிங்ஸும் கால் பம்பும்: வீட்டில் மாட்டுவது எப்படி?

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் பல சமயம் ‘ஸ்டாக்கிங்ஸ், டிவிடி பம்ப்’ என்று ஒரு வரி இருக்கும். ஸ்டாக்கிங்ஸ் என்பது காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான சாக்ஸ். வார்டில் இருந்தவரை சிஸ்டர் மாட்டிவிட்டார். இனி தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில் மருமகள்தான் மாட்ட வேண்டும். காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான். போகிற இடமெல்லாம் சொல்வதை அந்த மருமகளுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

எதற்கு இதெல்லாம்? நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்தே கிடந்தால் ரத்தம் தேங்கி உள்ளேயே உறையக்கூடும். அதுதான் டிவிடி (DVT), அதாவது ஆழ்சிரை ரத்த உறைவு. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஸ்டாக்கிங்ஸ் காலை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்து ரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்ளும். தசை செய்யாமல் விட்ட வேலையைக் காற்றடித்துச் செய்வது பம்பு. டாக்டர் ஊசியோ மாத்திரையோ எழுதியிருந்தால் அதையும் நிறுத்தக் கூடாது.

படி 1: முதலில் காலைப் பாருங்கள்

பெட்டியைப் பிரிக்கும் முன் இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாக, மற்றது ஜில்லென்று இருக்கிறதா? கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு, மூன்று விநாடிகளில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். பாதத்தின் மேற்புறம், கட்டைவிரல் எலும்புக்கும் அடுத்த விரல் எலும்புக்கும் நடுவே விரல் வைத்தால் நாடி துடிப்பது தெரியும். பழக்கம் இல்லாதவர்களுக்கு உடனே பிடிபடாது; வார்டை விட்டுக் கிளம்பும் முன் சிஸ்டரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.

கால் ஜில்லென்று நிறம் மாறியிருந்தால், ஆறாத புண் இருந்தால், நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் பழைய தொந்தரவு இருந்தால் மாட்டாதீர்கள். தமனியில் அடைப்பு இருக்கலாம். ரத்தம் கீழே வரவே திணறும் காலை மேலும் இறுக்கினால் விரல் கறுத்துப்போகும் அளவுக்குப் போய்விடும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

பக்கவாதம் வந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “பக்கத்து வீட்டு ஆயா போட்ட சாக்ஸ் சும்மாதான் கீது சிஸ்டர், எங்க அப்பாக்கு மாட்டிடவா?” என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பக்கவாத நோயாளிகளுக்குத் தொடைவரை ஸ்டாக்கிங்ஸ் போட்டதில் டிவிடி குறையவில்லை, தோல்தான் புண்ணானது என்று 2009ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அதே குழுவின் 2013 ஆய்வில், எழுந்து நடமாட முடியாத பக்கவாத நோயாளிகளுக்குக் காற்று பம்பு பலன் தந்தது. எந்த நோய்க்கு எந்தக் கருவி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

படி 2: அளவு எடுங்கள்

“மீடியம் குடுங்க” என்று கேட்டு வாங்கும் சாமான் இல்லை இது. காலையில், காலைத் தொங்கப்போடும் முன், டெய்லர் டேப்பால் கணுக்காலின் ஒல்லியான இடம், கெண்டைக்காலின் பருமனான இடம், குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம் ஆகியவற்றை அளக்க வேண்டும். தொடைவரை போடுவதென்றால் தொடைச் சுற்றளவும், பிட்டத்தின் கீழ்மடிப்பு வரை நீளமும் வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியாக அளங்கள். ஆபரேஷன் ஆன கால் கொஞ்சம் பெருத்திருக்கும்.

கெண்டைக்கால் அளவைச் சுவரில் மாட்டிய காலண்டரில் குறித்துவைப்பது நல்லது. தினமும் அதே இடத்தில் அளந்து எழுதினால், ஒரு கால் மட்டும் வீங்கத் தொடங்குவது உடனே தெரிந்துவிடும்.

கடையில் இன்னொரு குழப்பம் உண்டு. நரம்பு முடிச்சுக்குப் போடும் ஸ்டாக்கிங்ஸ் வேறு, படுக்கையில் இருப்பவருக்கானது வேறு. முதலாவது அதிகம் இறுக்கும். இரண்டாவது கணுக்காலில் சுமார் 18 மி.மீ. பாதரச அழுத்தம் கொடுத்து, மேலே போகப் போகக் குறையும். சீட்டைக் காட்டி வாங்குங்கள்.

படி 3: மாட்டுவது

உடம்பு துடைத்துவிட்டு, கால் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கத்திரி வெயிலில் வேர்த்த காலில் அது ஏறவே ஏறாது. எண்ணெயோ தைலமோ வேண்டாம், எலாஸ்டிக் கெட்டுவிடும்.

கையை ஸ்டாக்கிங்ஸுக்குள் குதிகால் வரை விட்டு, குதிகால் துணியை உள்ளிருந்தே பிடித்துக்கொண்டு, அதுவரை உள்புறம் வெளியே வருமாறு திருப்புங்கள். இப்போது பாதத்தை நுழைத்துக் குதிகால் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் நீவுங்கள். விரல் பக்கத்து ஓட்டை, விரலின் நிறம் பார்ப்பதற்கு.

நீளம் மிஞ்சினால் மேல்விளிம்பை மடித்து விடாதீர்கள். பத்து வீட்டுக்குப் போனால் பாதி வீட்டில் இதைத்தான் பார்க்கிறேன். மடித்த இடத்தில் அழுத்தம் கூடி, கயிறு கட்டியது போல ரத்தத்தை அங்கேயே நிறுத்திவிடும். சரியான அளவை மாற்றி வாங்குங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இறக்கி, குதிகாலையும் கணு எலும்பையும் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தியும் சிவப்பு மறையவில்லை என்றால், கழற்றி வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மிதமான சோப்பில் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். எண்ணூர் பக்கத்துக் கடல்காற்றில் ஒரே நாளில் காயாது, இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: பம்பு

வாடகைக்கும் கிடைக்கும். பம்பிலிருந்து காற்று ஏறும் துணி உறையைக் கெண்டைக்காலில் சுற்றி ஒட்டுங்கள். உறைக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ட்யூப் காலுக்கு அடியில் போகக் கூடாது, பக்கவாட்டில் வரட்டும். ‘டிக்’ என்று சத்தம் கேட்கும்வரை சொருகி ஆன் செய்யுங்கள். பெரும்பாலான மெஷின்களில் அழுத்தம் 40 மி.மீ.க்கு ஒட்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு விநாடி இறுகும், ஒரு நிமிடம் போலத் தளரும்.

பாத்ரூம் போக எழுந்தால் முதலில் ட்யூபைக் கழற்றுங்கள். தடுக்கி விழுந்தால் இன்னொரு ஆபரேஷன்தான். திரும்பி வந்து படுத்ததும் மறக்காமல் மாட்டுங்கள். மெஷினைக் கட்டில் கால்மாட்டில் கொக்கியில் தொங்கவிடுங்கள். மழைக்குத் தண்ணீர் ஏறும் தரைத்தள வீடுகளில் மெஷினும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தரையில் இருக்கவே கூடாது.

கால் ஏற்கெனவே வீங்கி வலித்தால் பம்பைப் போடாதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவியும் விடாதீர்கள். உள்ளே கட்டி இருந்தால் அது நகர்ந்துவிடலாம்.

படி 5: சூடும் குளிரும்

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்தவர்மேல் காற்று ஊதிய போர்வை ஒன்று இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். மயக்க மருந்தில் உடல் சூடு சட்டென்று இறங்கும்; 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் காப்பதற்கு அது. 1996ல் வெளியான ஓர் ஆய்வில், குடல் ஆபரேஷன் ஆன 200 பேரில் சூடாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதம் பேருக்குப் புண் சீழ் பிடித்தது. மற்றவர்களில் 19 சதவீதம். வீட்டுக்கு அந்த மெஷின் தேவையில்லை. போர்வை போதும்.

“கால் ஜில்லுனு கீது” என்றதும் வெந்நீர்ப் பையை வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மரத்துப்போன காலுக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் நமக்கே தெரியும். ஒரு கால் மட்டும் குளிர்ந்தால் அது ரத்த ஓட்டப் பிரச்சினை. சூடு வைத்தால் தீராது.

அக்குளைத் துடைத்துவிட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்து, பீப் வரும்வரை கையை ஒட்டிவையுங்கள். அக்குள் அளவு உள்சூட்டைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினால் டாக்டருக்கு போன் செய்யுங்கள். 95க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்கு ஐஸ் ஒத்தடம் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாகச் சிவந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால், மயங்கினால் உடனே 108. நம்ம பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லிக்குப் போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் என்பதை முதலில் சொல்லுங்கள்.