பி.டி. பீரியடில் எத்தனை பேர் ஓடுகிறார்கள்?

பி.டி. பீரியட் இருக்கிறது, பிள்ளைகள் விளையாடிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒருநாள் மைதானத்து ஓரமாக நின்று, ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனித்துப் பாருங்கள். வரிசையில் நிற்கக் கொஞ்ச நேரம், விதிமுறை கேட்கக் கொஞ்ச நேரம், மீதி நேரமெல்லாம் பந்து எப்போது வரும் என்று காத்திருப்பது. மூச்சு வாங்க ஓடியது ஐந்து நிமிடம் தேறினால் பெரிது. 5 முதல் 17 வயதுவரை சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தோற்றவரை உட்கார வைக்கும் ஆட்டங்கள்தான் ஆகப் பெரிய தவறு. முதலில் அவுட் ஆவது யார்? ஓட்டம் யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைதான். என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி எப்போதும் முதலில் அவுட்டாகி, வேப்பமரத்தடியில் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பாள். அப்புறம் ஆட்டத்தை மாற்றினேன்: பிடிபட்டவர் வெளியே போகக் கூடாது, பிடித்தவரோடு கைகோத்துச் சங்கிலியாக ஓட வேண்டும். அன்றைக்கு அவள் சங்கிலியின் வால்நுனியில் ரிப்பன் அவிழ்ந்து தொங்க, கத்திக்கொண்டே ஓடினாள். மணி அடித்தும் கையை விடவில்லை.

கோ-கோ அருமையான ஆட்டம். ஆனால் முறைப்படி ஆடினால் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க ஒருவர் துரத்துவார், எதிரணியில் மூன்று பேர்தான் களத்தில் இருப்பார்கள். நாற்பது பேர் வகுப்பில் நான்கு பேர் ஓட்டம்! சின்னப் பிள்ளைகளுக்குக் கிளித்தட்டு, கல்லா மண்ணா, நொண்டி போதும்; அதையும் நான்கைந்து குழுவாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஆடவிடுங்கள்.

கணக்குப் பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடை எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த தவறு. வீட்டுப்பாடம் எழுதாதவனை விளையாட விடாமல் நிறுத்தி வைப்பதும், மைதானத்தைச் சுற்றி ஓடு என்று தண்டனை கொடுப்பதும் அதைவிட மோசம். ஓட்டம் என்றாலே தண்டனை என்று அந்தப் பிஞ்சு மனதில் பதிந்துவிடும்.

மைதானம் இல்லையே என்பார்கள். சரி, வராண்டாத் தரையில் பாண்டிக் கட்டம் இரண்டு வரைந்து, ஓட்டுச்சில்லு நாலு வைத்துவிட்டு வாருங்கள். இடைவேளை மணி அடித்ததும் யாரும் சொல்லாமலே குதிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.