கார் தரவில் காசு பார்ப்பது எப்படி? பத்து டாக்சியில் தொடங்கும் செய்முறை

கார்களிலிருந்து வரும் தரவை மொத்தமாக அள்ளி விற்கலாம் என்று கிளம்பிய வெஜோ, ஓட்டோனோமோ என்ற இரண்டு நிறுவனங்களும் 2021-இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தன. 2023-இல் வெஜோ திவாலானது. ஓட்டோனோமோ அதே ஆண்டு வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. தரவுக்குப் பஞ்சமில்லை, வருமானம்தான் செலவை எட்டவில்லை. அதனால் நாம் காசு கொடுக்கப்போகிறவரிடமிருந்து தொடங்குவோம். பத்து கார் வைத்திருக்கும் ஒரு டிராவல்ஸ் போதும்.

படி 1: காசு எங்கே ஒழுகுகிறது?

முதலாளியிடம் "என்ன தரவு வேண்டும்?" என்று கேட்டால் விழிப்பார். "எதில் கை கடிக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் எரிபொருள்தான். சின்ன கார் ஒன்றின் என்ஜின் நின்ற இடத்திலேயே சும்மா ஓடினால் மணிக்குச் சுமார் 0.6 முதல் 1 லிட்டர் குடிக்கும். 0.7 லிட்டர் என்றே வையுங்கள். தினம் ஒரு மணி நேரம், மாதம் 26 நாள், பத்து வண்டி: ஏறக்குறைய 180 லிட்டர். அதில் பாதியைக் குறைத்துக் காட்டினால், லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் அவருக்கு 9,000 ரூபாய் மிச்சம். வண்டிக்கு மாதம் 300 ரூபாய் கேட்க இந்தக் கணக்கு போதும்.

படி 2: கருவி

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும், மெக்கானிக் கருவியை மாட்டி வண்டியின் நிலையைப் படிக்கும் இடம் அது. 4-ஆம் முனை எர்த், 16-ஆம் முனை பேட்டரி, 6-உம் 14-உம் கேன் இணைப்பு, அதாவது வண்டிக்குள் தரவு ஓடும் கம்பிகள். மலிவான புளூடூத் வகை வேண்டாம், ஓட்டுநரின் போன் பக்கத்தில் இல்லையென்றால் அது ஊமை. 4ஜி சிம், ஜிபிஎஸ் இரண்டும் உள்ளேயே இருக்கும் வகையை வாங்குங்கள். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மஞ்சள் போர்டு வண்டியில் ஏஐஎஸ்-140 என்ற இடம் காட்டும் கருவி ஏற்கெனவே இருந்தால் அதன் ஒயரைத் தொடாதீர்கள். அவசரப் பொத்தானோடு சேர்த்துச் சட்டப்படி பொருத்தியது அது.

தொடக்கக்காரர்கள் தவறாமல் சறுக்கும் இடம் 16-ஆம் முனை. சாவியை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் வரும். கருவி தூங்காமல் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போய்விடும். 35 ஆம்பியர் மணி பேட்டரி உள்ள கார் இரண்டு வாரம் நின்றால் பாதி காலி, ஸ்டார்ட் ஆவதே சந்தேகம். பழி உங்கள் மேல் விழும். தூக்க நிலையில் 5 மில்லி ஆம்பியருக்குள் இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே பொருத்துங்கள்.

படி 3: தரவை எடுப்பது

கருவி வழியாக வண்டியிடம் குறியீட்டு எண்களில்தான் கேள்வி கேட்க வேண்டும். முதலில் 01 00 கட்டளையை அனுப்புங்கள். முதல் 32 கேள்விகளில் வண்டி எவற்றுக்குப் பதில் சொல்லும் என்று அது காட்டும், அடுத்த 32-க்கு 01 20. 01 0சி (0C) ஆர்பிஎம், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைத் தரும்: முதல் பைட்டை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4-ஆல் வகுக்க வேண்டும். 01 0டி (0D) வேகம், வந்த எண்ணே மணிக்கு இத்தனை கிலோமீட்டர். டேங்கில் உள்ள எரிபொருள் அளவு 01 2எஃப்-இல் (2F) வரவேண்டும், ஆனால் பல கார்கள் பதிலே தருவதில்லை. அதை நம்பி எரிபொருள் திருட்டைப் பிடித்துத் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

10 வினாடிக்கு ஒரு பதிவு, 100 பைட் என்றால், ஒரு நாளைக்குப் பத்து மணி நேர ஓட்டத்தில் ஒரு வண்டிக்கு மாதம் 10 எம்பி-கூட வராது. சின்ன டேட்டா பிளானே போதும்.

படி 4: சலித்தல்

ஆர்பிஎம் 500-க்கு மேல், வேகம் சுழி, இது 3 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் "சும்மா ஓடியது" என்று எண்ணுங்கள். இல்லாவிட்டால் சிக்னலில் நிற்பதெல்லாம் குற்றமாகிவிடும். அடித்தளப் பார்க்கிங்கில் ஜிபிஎஸ் தாவும், நின்ற வண்டி 4 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டும். என்ஜின் அணைந்திருக்கும்போது வரும் இட மாற்றத்தைக் கழித்துவிடுங்கள். டவர் இல்லாத இடத்தில் சேர்ந்த பதிவுகள் பின்னால் மொத்தமாக வரும். சர்வருக்கு வந்த நேரத்தை விட்டுவிட்டுக் கருவியின் நேரத்தை வைத்து அடுக்குங்கள். அந்த நேரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும்.

படி 5: முதலாளி கையில் சேர்ப்பது

தரவை வரைபடமாகக் காட்டும் இணையப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. காலை ஏழு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரே ஒரு வரி: "வண்டி 4, நேற்று 70 நிமிடம் சும்மா ஓடியது, அதில் 40 நிமிடம் ஏர்போர்ட் பார்க்கிங்." இதைப் பார்த்ததும் ஓட்டுநரைத் திட்டுவதைவிட வெயிட்டிங் சார்ஜ் வாங்குவது லாபம் என்று அவருக்கே புரியும்.

படி 6: அடுத்த வருமானம்

என்ஜின் அணைந்து ஒரு மணி நேரம் கழித்து 12.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பேட்டரியைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது. 03 கட்டளை பழுதுக் குறியீடுகளைத் தரும். இவற்றை வைத்து ஒர்க்‌ஷாப்போடு ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசலாம். இன்சூரன்ஸ் ஆசை வேண்டாம். ஓடும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்துப் பிரீமியம் வைக்க 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது உண்மை. ஆனால் பத்து வண்டித் தரவு இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு எதற்கும் பற்றாது.

படி 7: ஓட்டுநரின் கையெழுத்து

இதை முதல் கருவியை மாட்டும் முன்பே முடித்துவிடுங்கள். 2023-இன் தனிநபர் தரவுச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் சரியான ஒப்புதல் இல்லாமல் ஓட்டுநர்களின் இடத்தையும் ஓட்டும் பழக்கத்தையும் சேர்த்து விற்றது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. என்ன எடுக்கிறோம், யாருக்குத் தருகிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். டியூட்டி முடிந்ததும் இடப் பதிவு நிற்க வேண்டும். வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போகும் ஓட்டுநரின் வாசல் உங்கள் சர்வரில் இருந்தால், மறுநாளே கருவி கழன்று டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும்.