டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன்: சறுக்குவது ஆயுளில்தான்

மைக்ரோசாஃப்ட்டின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட் நெட் கோரில் வெப் ஏபிஐ எழுதுகிறவர்கள் டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷனுக்கென்று தனி லைப்ரரி தேட வேண்டியதில்லை. ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய ஆப்ஜெக்ட்டைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் அது; அதை உருவாக்கிக் கொடுக்கும் கண்டெய்னர் கூடவே வருகிறது. புரோகிராம் ஃபைலில் ரெஜிஸ்டர் செய்ய ஒரு வரி, கன்ஸ்ட்ரக்டரில் ஒரு பாராமீட்டர், வேலை முடிந்தது. ரெஜிஸ்டர் செய்ய மறந்தாலும் பெரிய ஆபத்தில்லை, 'அன்ஏபிள் டு ரிசால்வ் சர்வீஸ்' என்ற எரர் காட்டிக்கொடுத்துவிடும். பிரச்சினை வேறு இடத்தில்: அந்த ஆப்ஜெக்ட் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும்?

சிங்கிள்டன் என்றால் ஆப் ஓடும்வரை ஒன்றே ஒன்று. ஸ்கோப்டு என்றால் ரெக்வெஸ்ட்டுக்கு ஒன்று. டிரான்சியன்ட் என்றால் கேட்கும்போதெல்லாம் புதிது. படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கும்.

நான் ஒருமுறை விலைப்பட்டியலை மெமரியில் வைத்துக்கொள்ள ஒரு சர்வீஸ் எழுதி, சிங்கிள்டனாகப் போட்டேன். அதன் கன்ஸ்ட்ரக்டரிலேயே, டேட்டாபேஸோடு பேசும் டிபி கான்டெக்ஸ்ட்டையும் கேட்டிருந்தேன். ஆட்டிபிகான்டெக்ஸ்ட் என்ற மெத்தட் அதை இயல்பாக ஸ்கோப்டாகத்தான் ரெஜிஸ்டர் செய்யும். அதாவது ஒரு ரெக்வெஸ்ட்டோடு போயிருக்க வேண்டியதை, ஆப் முழுக்க வாழ்கிற ஒன்று பிடித்து வைத்துக்கொண்டது. டெவலப்மென்ட் சூழலில் ஓட்டியிருந்தால் ஆரம்பத்திலேயே 'கன்னாட் கன்ஸ்யூம் ஸ்கோப்டு சர்வீஸ்' என்று நின்றிருக்கும். நான் ஓட்டியது ஸ்டேஜிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய ஒத்திகைச் சூழலில். அந்தச் சோதனை இயல்பாக டெவலப்மென்ட்டில் மட்டும்தான் நடக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஏபிஐயைச் சோதிக்கும் போஸ்ட்மேனில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் எல்லாம் சரி. இரண்டு ரெக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்ததும், 'முந்தைய வேலை முடிவதற்குள் இரண்டாவது வேலை தொடங்கிவிட்டது' என்ற பொருளில் ஒரு எரர். டிபி கான்டெக்ஸ்ட் ஒரே நேரத்தில் பல த்ரெட்டுகளுக்கு ஈடுகொடுக்காது. இதைவிட மோசம், சத்தமே போடாத கோளாறு: டேட்டாபேஸில் விலை மாறிவிட்டது, ஆனால் ஏற்கெனவே டிராக் செய்து வைத்திருந்த பழைய மதிப்பையே கான்டெக்ஸ்ட் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்ய டிபி கான்டெக்ஸ்ட்டையும் சிங்கிள்டனாக மாற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், 'கன்னாட் கன்ஸ்யூம்' எரர் மறையும், நோய் அப்படியே இருக்கும். சர்வீஸ் சிங்கிள்டனாகத்தான் இருந்தாக வேண்டுமென்றால் ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரியை வாங்கி, தேவைப்படும்போது ஒரு ஸ்கோப் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். பேக்கிரவுண்ட் சர்வீஸ்களுக்கும் இதே வழிதான். ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் கடந்துபோகும் மிடில்வேரில் ஸ்கோப்டு சர்வீஸை கன்ஸ்ட்ரக்டரில் கேட்காமல், இன்வோக்அசிங்க் மெத்தடின் பாராமீட்டராகக் கேளுங்கள்.

அப்புறம், ஆயுள் பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலிடேட்ஸ்கோப்ஸ், ரெஜிஸ்டர் ஆனவற்றை உருவாக்க முடியுமா என்று ஆரம்பத்திலேயே பார்க்கும் வேலிடேட்ஆன்பில்டு இரண்டையும் எல்லாச் சூழலிலும் ஆன் செய்து வைப்பது என் பழக்கம். ஆனாலும் முழுசாக நம்பிவிட முடியாது. ரெக்வெஸ்ட்டுகளுக்குப் பதில் தரும் கன்ட்ரோலர்கள் இயல்பாக கண்டெய்னருக்குள் ரெஜிஸ்டர் ஆவதில்லை. அதனால் கன்ட்ரோலர் கேட்கும் சர்வீஸை ரெஜிஸ்டர் செய்யாமல் விட்டுவிட்டிருந்தால், ஆப் ஜோராகக் கிளம்பி, முதல் ரெக்வெஸ்ட்டில்தான் விழும். ஆட்கன்ட்ரோலர்ஸ்ஆஸ்சர்வீசஸ் என்று சேர்த்துவிட்டால் அதுவும் முன்கூட்டியே பிடிபடும்.

ரெஜிஸ்ட்ரேஷன் நடுவிலேயே ஏதோ ஒரு சர்வீஸ் வேண்டுமென்று பில்ட்சர்வீஸ்புரொவைடரைக் கூப்பிடுவது இன்னொரு வழக்கம். அது இரண்டாவதாக ஒரு கண்டெய்னரையே கட்டிவிடும். 'ஒன்றே ஒன்று' என்று நினைத்த சிங்கிள்டன் இரண்டாகிவிடும். கம்பைலர் ஏஎஸ்பி0000 என்று வார்னிங் கொடுக்கும். வார்னிங்தானே என்று தாண்டிப் போகிறோம்.

வேறு சர்வர்களைக் கூப்பிட உதவும் எச்டிடிபி கிளையன்ட்டை ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டிலும் நியூ போட்டால் பளு ஏறும்போது சாக்கெட்டுகள் தீரும் என்பது பலருக்கும் தெரியும். ஆட்எச்டிடிபிகிளையன்ட் வழியாக வாங்கினால் உள்ளே இணைப்புகளைக் கவனிக்கும் ஹேண்ட்லர் இயல்பாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். ஆனால் டைப்டு கிளையன்ட்டை, அதாவது எச்டிடிபி கிளையன்ட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும் நம் கிளாஸை, ஒரு சிங்கிள்டனுக்குள் வைத்துவிட்டால் அது பழைய ஹேண்ட்லரையே பிடித்துக்கொண்டிருக்கும். டிஎன்எஸ் மாறினாலும் தெரியாமல் போகலாம். விலைப்பட்டியலில் நான் செய்த அதே தப்புதான், வேறு உருவத்தில்.

சின்னதாக ஒன்று. ஒரே இன்டர்ஃபேஸை இருமுறை ரெஜிஸ்டர் செய்தால் கடைசியில் போட்டதுதான் கிடைக்கும், எரர் எதுவும் வராது. நீங்கள் எழுதிய கிளாஸ் ஏன் ஓடவில்லை என்று குழம்பினால், முதலில் கீழே வேறு யாராவது அதே இன்டர்ஃபேஸுக்கு இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.