மாதம் ஒரு ஊசி: போடுவதற்கு முன்னும் பின்னும்

ஹெராயினோ வலி மாத்திரையோ, ஓபியாய்டு (அபினி வகை மருந்து) பழக்கத்திலிருந்து மீள வருகிறவருக்கு தினமும் காலையில் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பது பெரிய போராட்டம். ஒரு நாள் விட்டுப்போனால் பழையது கூப்பிடும். தினமும் எடுக்கும் அந்த முடிவை மாதத்துக்கு ஒரு தடவையாகக் குறைப்பதுதான் இந்த ஊசியின் வேலை. என் தம்பிக்கு இதைப் போட்டபோது கூடவே இருந்ததால், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

முதலில், எந்த மருந்து என்று தெளிவாகக் கேளுங்கள். புப்ரெனார்ஃபின் ஊசி (சப்ளோகேட், புவிடால்) மூளையில் ஓபியாய்டு உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்து ஏக்கத்தையும் நடுக்கத்தையும் அடக்கும். நால்ட்ரெக்சோன் ஊசி (விவிட்ரால், 380 மில்லிகிராம், 4 வாரத்துக்கு ஒரு தடவை பிட்டத்தில்) அந்த இடத்தை அடைத்து மட்டும் வைக்கும், ஓபியாய்டு போல எந்த விளைவும் தராது.

பெரும்பாலும் தடுமாறுவது நேரக் கணக்கில்தான். நால்ட்ரெக்சோன் போட வேண்டுமென்றால் உடம்பில் ஓபியாய்டு இல்லாமல் குறைந்தது 7 முதல் 10 நாள் இருந்திருக்க வேண்டும். மெத்தடோனோ (மீள்வதற்குக் கொடுக்கும் இன்னொரு ஓபியாய்டு) புப்ரெனார்ஃபினோ எடுத்தவர் என்றால் 2 வாரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் ஊசிக்கு முன்பே திரும்பிப் போகிறவர்கள் நிறைய. புப்ரெனார்ஃபினுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம், ஆனால் வியர்வை, கொட்டாவி, மூக்கொழுகல் என்று உடம்பு கேட்கத் தொடங்கிய பிறகுதான் நாக்குக்கு அடியில் வைக்கும் முதல் புப்ரெனார்ஃபின் மாத்திரை, அது ஒத்துக்கொண்ட பிறகே ஊசி. கடைசியாக எதை, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதை வெட்கப்படாமல் அப்படியே சொல்லுங்கள், ஏனென்றால் இதில் பொய் சொன்னால் மருந்து போட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் உடல்வலியுமாக மொத்தமாக வந்து விழும்.

சப்ளோகேட் பெரும்பாலும் வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவார்கள். போடும்போது நன்றாகவே எரியும். அப்புறம் மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படும். மருந்து அங்கே கெட்டியாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அவ்வளவுதான். தம்பி முதல் வாரம் முழுக்க அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். தேய்க்காதீர்கள், பெல்ட் அழுத்தும் இடமாக இருந்தால் தளர்த்திக்கொள்ளுங்கள். இதே மருந்து ரத்தக்குழாயில் ஏறினால் அங்கேயும் கெட்டியாகி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால்தான் கையில் கொடுக்காமல் மருத்துவமனையிலேயே போடுகிறார்கள்.

சப்ளோகேட் வழக்கமாக முதல் 2 ஊசி 300 மில்லிகிராம், அப்புறம் மாதாமாதம் 100. அந்த மாத ஊசிகளுக்கு இடையில் குறைந்தது 26 நாள் இருக்க வேண்டும். மலச்சிக்கல், தலைவலி வரலாம். இதோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம், இதில் சமரசமே கிடையாது.

தேதி தவறினால்? சப்ளோகேட் எப்போதாவது 2 வாரம் வரை தள்ளிப்போனால் பெரிதாகப் பாதிக்காது, உடனே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். நால்ட்ரெக்சோன் தவறினால் எனக்கு உண்மையிலேயே பயம்தான். அதற்குள் உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும், முன்பு சாதாரணமாக எடுத்த அளவே இப்போது கொன்றுவிடும். அதனால் எந்த ஊசியானாலும் ஓபியாய்டு அளவு மீறினால் அதை முறிக்கும் நலாக்சோன் ஸ்ப்ரே ஒன்றை வீட்டில் வைத்திருங்கள், அது எந்த அலமாரியில் இருக்கிறது, மூக்கில் எப்படி அடிப்பது என்பதைக் கூட இருக்கிற எல்லோருக்கும் காட்டி வையுங்கள். நால்ட்ரெக்சோன் போட்டவர் அந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். விபத்தில் மயங்கிக் கிடந்தால், வழக்கமான வலி மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று மருத்துவருக்கு அந்தச் சீட்டுதான் சொல்லும்.